மாமா கையில் தாம்பாளம், பெட்டிக்குள் பல்லி

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதற்கப்புறம் நான் எழுதியதெல்லாம் சாக்கு மூட்டைகளின் மேல் மையால் எழுதிய ஊர்ப் பெயர்கள்தான். அதனால் என் எழுத்து ஒவ்வொன்றும் மூட்டைக்குத் தகுந்த அளவில் இருக்கும். ஒரு பக்கத்தில் பத்து வரிக்கு மேல் அடங்காது. எங்கே சின்ன 'ர' போடுவது, எங்கே பெரிய 'ற' போடுவது என்பதும் எனக்கு இன்னும் சந்தேகம்தான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நடந்ததில் மட்டும் நான் எதையும் கூட்டவோ குறைக்கவோ இல்லை.

அறுபத்தாறாம் வருஷம், பங்குனி மாதம். திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமத்தில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அருப்புக்கோட்டையில் என் தாய்மாமாவின் பருத்திக்கொட்டை, புண்ணாக்குக் கடையில் வேலை பார்த்தேன். அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டதால், மாமாதான் என்னையும் அம்மாவையும் வைத்துக் காப்பாற்றினார்.

மாமா கறுப்புச் சட்டைக்காரர். சாமி இல்லை என்பதைக் கடைக்கு வருகிற ஆள் ஒவ்வொருவருக்கும் புண்ணாக்கு நிறுக்கிற நேரத்துக்குள் சொல்லி முடித்துவிடுவார். யாராவது சாமி படம் போட்ட காலண்டர் கொடுத்தால், மேல் பாதியைக் கிழித்துவிட்டுத் தேதிப் பகுதியை மட்டும் கடையில் மாட்டுவார். அந்தக் கிழித்த பாதியை அம்மா கேட்டு வாங்கிப் போய் வீட்டுச் சுவரில் ஒட்டிவைப்பாள். ஒரே காலண்டரை வைத்து அண்ணனும் தங்கையும் வருஷம் முழுவதும் ஓட்டினார்கள்.

மாமா பேச்சுக்காரர் என்றால் நான் அதற்கு நேர்மாறு. புது ஆளைக் கண்டால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கூச்சம்தான், வேறு வியாதி எதுவும் இல்லை. மூட்டை தூக்கச் சொன்னால் தூக்குவேன், தைக்கச் சொன்னால் தைப்பேன். விலை கேட்டால் மட்டும் மாமாவைக் கையால் காட்டிவிடுவேன்.

அந்த வருஷம் தைப் பொங்கல் முடிந்து ஒரு நாள், திருச்சுழிப் பக்கத்திலிருந்து வெள்ளாமை செய்கிற ஒரு சம்சாரி மாட்டுவண்டியில் வந்து பருத்திக்கொட்டை வாங்கினார். வண்டியில் அவருடைய மகள் உட்கார்ந்திருந்தாள். நான் மூட்டையைத் தைத்து ஏற்றினேன்.

"ஓரம் சரியாத் தைக்கலை. சிந்துது பாருங்க" என்றாள்.

என்னிடம்தான் சொன்னாள். குனிந்து, அவசர அவசரமாக இன்னொரு தையல் போட்டேன். மாடு நகர்ந்தபோதுதான் தெரிந்தது, என் தோளில் கிடந்த துண்டின் நுனியையும் சேர்த்து மூட்டையோடு தைத்திருக்கிறேன். துண்டு என் தோளை விட்டு உருவிக்கொண்டு வண்டியோடு போனது. "துண்டு, துண்டு" என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். வரவில்லையே! வண்டி தெரு முக்குத் திரும்புகிறவரைக்கும் அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். துண்டு திருச்சுழிக்குப் போய்விட்டது.

இதைக் கல்லாவிலிருந்து மாமா பார்த்துவிட்டார். பத்து நாளில் ஆள் விட்டு விசாரித்து, பெண் பார்க்கவும் ஏற்பாடு செய்துவிட்டார். முறைக்கும் சரியாக இருந்தது.

பெண் பார்க்கப் போன இடத்தில் என் மானம் போனது. பெண்ணின் அப்பா, "மாப்பிள்ளை பேரு என்ன?" என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். அம்மா சொன்னாள். "எத்தனை வருஷமாக் கடையில இருக்காப்ல?" என்று கேட்டார். மாமா சொன்னார். பெண்ணுக்கு ஓர் அத்தை, அவள் அப்பாவுக்கு அக்கா. நேர்ப் பேச்சுக்காரி. காபி கொடுத்துவிட்டு, "சீனி போதுமா?" என்று என்னையே கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். அந்த ஆட்டலில் போதும் என்றும் இல்லை, போதாது என்றும் இல்லை.

"ஏம்மா, புள்ளை ஊமையோ?" என்று எல்லார் காதிலும் விழும்படி என் அம்மாவிடம் கேட்டுவிட்டாள்.

"அதெல்லாம் பேசுவான் மதினி" என்றார் மாமா. "அவனுக்கும் சேத்து நான் பேசிப்புடுறேன். அவனுக்கு எங்க எடம் இருக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆனாலும் அத்தைக்குச் சந்தேகம் தீரவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

அப்போதுதான் பெண்ணின் அப்பா தங்கள் வழக்கத்தைச் சொன்னார். அவர்கள் பங்காளிகளுக்குப் பொதுவாக ஒரு சாமி வீடு இருக்கிறது. உள்ளே சிலை கிடையாது; ஒரு மரப் பெட்டிதான் சாமி. கல்யாணம் பேசினால் அங்கே போய் உத்தரவு கேட்க வேண்டும். உத்தரவு கொடுப்பது கெவுளி. பல்லியைத்தான் எங்கள் பக்கம் கெவுளி என்போம். மாப்பிள்ளையின் தாய்மாமன் தாம்பூலத் தாம்பாளத்தைக் கையில் ஏந்தி உட்கார வேண்டும். முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொள்ளலாம், ஆனால் தாம்பாளம் தரையில் படக் கூடாது. பட்டால் பேச்சு முறிந்தது என்று அர்த்தம். கெவுளி வலப் பக்கம் சொன்னால் பெண்ணின் அப்பா எழுந்து தாம்பாளத்தை வாங்கிக்கொள்வார். இடப் பக்கம் சொன்னாலோ, பொழுது அடைகிறவரை சொல்லாமலே இருந்தாலோ, அவரவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே ரெண்டு இடம் இப்படித் தட்டிப்போயிருந்தது. ஒன்று இடப் பக்கம், இன்னொன்றில் சத்தமே இல்லை.

"இதும் தட்டுனா, சித்திரையில பந்தல்குடி மாப்பிள்ளை வந்து பாக்கேன்னு சொல்லியிருக்காக" என்றாள் அத்தை. "லாரி வச்சிருக்காக. நல்லாவும் பேசுவாக."

அந்த 'நல்லாவும் பேசுவாக' என் நெஞ்சில் கோணியூசி மாதிரி இறங்கியது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா மாமாவைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, ஒனக்குக் கோடிப் புண்ணியம். அங்க வந்து வாயைத் தொறந்துறாத. தாம்பாளத்தைப் பிடிச்சுக்கிட்டு சும்மா உக்காந்திரு."

"புண்ணியத்துல எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனா பிடிக்கேன்" என்றார் மாமா. "வாயவும் மூடிக்கிறேன். ஒன் மகனை வாயைத் தொறக்கச் சொல்லு. ரெண்டு பேரும் மூடிக்கிட்டு இருந்தா எழவு வீடுன்னு நினைச்சுக்குவாக."

குறித்த நாளில் திருச்சுழி பஸ்ஸில் போய் இறங்கி, கண்மாய்க் கரை வழியாக நடந்தோம். மாமா கறுப்புச் சட்டைதான் போட்டிருந்தார். அம்மா கெஞ்சியதற்காக மேலே ஒரு வெள்ளைத் துண்டைப் போர்த்தியிருந்தார். நான் பழப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தேன். முந்தின நாளே வாழைச் சீப்புகளை வாங்கி ஒரு ஓலைப் பெட்டியில் அடுக்கிக் கடைக்குப் பின்னால் சரக்கு அடுக்குகிற கிட்டங்கியில் வைத்திருந்தோம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாமி வீடு ஊருக்கு மேற்கே தனியாக இருந்தது. ஓட்டுக் கூரை, ஒரே அறை, பக்கத்தில் பொங்கல் வைக்கச் சுவரை ஒட்டி இறக்கிய ஒரு சாய்ப்பு. சாய்ப்பில் பெண்கள் அடுப்பு மூட்டியிருந்தார்கள். அந்தப் பெண்ணும் அங்கேதான் இருந்தாள். சாமி வீட்டுக்கு முந்தின நாள்தான் வெள்ளையடித்திருந்தார்கள். உள்ளே நுழைந்தால் சுண்ணாம்பு வாடை மூக்கில் ஏறியது. சுவர் பளிச்சென்று இருந்தது. "இந்தச் சம்பந்தம் நல்லபடியா அமையணும்னு நானே நின்னு, மூலை முடுக்கு விடாம ரெண்டு பூச்சுப் பூசினேன்" என்றார் பெண்ணின் அப்பா.

விளக்கேற்றினார்கள். மாமா தாம்பாளத்தை ஏந்தி உட்கார்ந்தார். பித்தளைத் தாம்பாளம், அஞ்சு தேங்காய், பழம், வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பூ. லேசான கனம் இல்லை. எதிரே பெண்ணின் அப்பா. நடுவில் சாமிப் பெட்டி. மாமா பக்கத்தில் பழப்பெட்டி. வாசலில் பங்காளிகள் பத்துப் பதினைந்து பேர். சாய்ப்புப் பக்க வாசலில் அத்தை. நான் அம்மாவுக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தேன்.

அரை மணி நேரம் போனது. ஒரு சத்தமும் இல்லை. ஒரு மணி நேரம் போனது. அந்த ஒரு மணி நேரம் என் மாமா பேசாமல் இருந்தார் என்பதை அருப்புக்கோட்டையில் சொன்னால் இன்றைக்கும் நம்ப மாட்டார்கள்.

பிறகு மெதுவாக, "அண்ணாச்சி, ஒரு சந்தேகம்" என்றார்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"கேளுங்க தம்பி" என்றார் பெண்ணின் அப்பா.

"கெவுளி வலப் பக்கம் சொல்லணும்கிறீக. யாருக்கு வலப் பக்கம்? நீங்க கெழக்க பாத்து உக்காந்திருக்கீக. நான் மேக்க பாத்து உக்காந்திருக்கேன். ஒங்களுக்குச் சோத்துக் கை இருக்குற பக்கம் எனக்குப் பீச்சாங்கை."

"சாமிக்கு வலப் பக்கம் தம்பி. நமக்கு இல்லை."

"நல்லது. சாமி பெட்டிக்குள்ள இருக்காரு. பெட்டி நாலு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு. அவரு எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருக்காரு?"

பெண்ணின் அப்பா வாயைத் திறந்தவர், அப்படியே பெட்டியைப் பார்த்தார். அத்தை வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏப்பா, வெள்ளையடிக்க நேத்துப் பெட்டியை நகட்டுனியே. திரும்ப வைக்கயில பழையபடிதான் வச்சியா, திருப்பி வச்சிட்டியா?"

அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "பழையபடிதான்... வச்சிருப்பேன்க்கா" என்றார். வாசலில் இருந்த பங்காளிகள் துண்டால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார்கள்.

இப்படித் தொடங்கியதுதான். அப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. பெண்ணின் அப்பாவும் லேசுப்பட்ட ஆள் இல்லை.

"தம்பி, நீங்க சாமியே இல்லைன்னு சொல்ற ஆளுன்னு கேள்விப்பட்டேன். இல்லைன்னு எப்படித் தெரியும்? பாத்தீகளா?"

"இருந்தாத்தானே பாக்க முடியும் அண்ணாச்சி. இல்லாததை எப்படிப் பாக்க?"

"சரி. ஒங்க கடையில மூட்டை மூட்டையா அடுக்கியிருக்கீக. உள்ள பருத்திக்கொட்டைதான் இருக்குன்னு ஒவ்வொரு மூட்டையா அவுத்தா பாக்கீக?"

"எதுக்கு அவுக்கணும்? குத்தூசியை விட்டு இழுத்தா உள்ள இருக்குற சரக்கு ஊசியில வந்திரும்."

"அந்தக் குத்தூசி எம்புட்டு நீளம்?"

"ஒரு முழம்."

"ஒரு முழத்துக்கு அங்கிட்டு என்ன இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

மாமா யோசித்தார். தொழிலில் பொய் சொல்ல மாட்டார். "தெரியாது" என்றார்.

"அங்கிட்டுத்தான் தம்பி சாமி இருக்காரு" என்று பெண்ணின் அப்பா தொடையைத் தட்டினார். பங்காளிகள் "அப்படிப் போடுங்க" என்று ஆரவாரம் செய்தார்கள்.

மாமா விடவில்லை. "இருங்க அண்ணாச்சி. என் குத்தூசி எட்டலை. ஒத்துக்கிறேன். அங்கிட்டு இருக்குறது சாமின்னு ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? ஒங்ககிட்ட மட்டும் நீளக் குத்தூசி இருக்கா?"

இப்போது ஆரவாரம் இந்தப் பக்கம் வந்தது. எங்கள் பக்கம் நானும் அம்மாவும் மட்டும்தான். கை தட்டியதெல்லாம் அவர்கள் பங்காளிகள்தான். பெண்ணின் அப்பாவே சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே யோசித்தார். "தெரியாது தம்பி" என்றார். "ஆனா இருக்காருன்னு தோணுது."

"எனக்கு இல்லைன்னு தோணுது."

"அப்ப ரெண்டு பேரும் தோணுறதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கோமா?"

"அப்படித்தான் தெரியுது அண்ணாச்சி."

இதற்குள் ஊரே வாசலில் கூடிவிட்டது. ஆடு பத்திக்கொண்டு போனவர் ஆட்டை விட்டுவிட்டு நின்றார். சாய்ப்பில் பொங்கல் அடிப்பிடிக்கிற வாடை வந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். என் கண் மட்டும் வாசலைத் தாண்டி வெளியே இருந்தது. மேற்கே பனைமரங்களுக்குள் சூரியன் இறங்க ஆரம்பித்திருந்தது. கெவுளி சொல்லவில்லை.

மாமாவும் அதைப் பார்த்தார். சுவரைச் சுற்றிலும் கண்ணை ஓட்டினார். "அண்ணாச்சி, தப்பா நினைக்காதீக. மூலை முடுக்கு விடாம ரெண்டு பூச்சுச் சுண்ணாம்பு பூசினேன்னு சொன்னீகளே. அந்த நெடிக்குப் பல்லி உள்ள நிக்குமா? உத்தரவு கேக்குறதுக்காக வெள்ளையடிச்சு, உத்தரவு சொல்ற ஆளையே வெரட்டிப்புட்டீகளே!"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பெண்ணின் அப்பா திடுக்கிட்டுச் சுவரைப் பார்த்தார். ஒரு பல்லி கிடையாது. ஒரு சிலந்திகூடக் கிடையாது. "சாமி நினைச்சா வரும்" என்றார். குரல் முன்பு மாதிரி இல்லை. அவருக்கும் மகள் அல்லவா? மூன்றாவது தடவை அல்லவா?

சாய்ப்பு வாசலில் அத்தைக்குப் பின்னால் ஒரு சேலை நுனி தெரிந்தது. அது அசையாமல் நின்றது.

மாமாவின் கை நடுங்க ஆரம்பித்ததை அப்போதுதான் பார்த்தேன். ரெண்டு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. மூட்டை தூக்கிய கைதான், ஆனாலும் தாம்பாளம் ஏந்துவது வேறு. தேங்காய்கள் ஒன்றோடொன்று லேசாக முட்டின. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை.

பெண்ணின் அப்பாவுக்கே மனசு தாங்கவில்லை. "தம்பி, கை நோவுதுல்ல. ஒங்களுக்கு இதுல நம்பிக்கை கிடையாது. கீழ வச்சா ஒங்களைப் பொறுத்தவரைக்கும் என்ன ஆயிரப் போகுது?"

"எனக்கு நம்பிக்கை இல்லை அண்ணாச்சி" என்றார் மாமா. "ஒங்களுக்கு இருக்குல்ல. பொண்ணு ஒங்க பொண்ணு. நான் கேக்க வந்தவன். வைக்க மாட்டேன்."

அதைக் கேட்டு என் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும். பேசவில்லை.

பெண்ணின் அப்பா விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, "தம்பி, இவ்வளவு நியாயமான மனுஷன் நீங்க. இந்தச் சாமி வீட்டுக்குள்ள, அந்தத் தாம்பாளத்தைக் கையில வச்சுக்கிட்டு, மனசாரச் சொல்லுங்க பாப்போம். சாமி உண்டா, இல்லையா?" என்றார்.

அம்மா மாமாவின் முதுகைக் கிள்ளினாள். மாமா என்ன செய்வார்! கேட்டால் பொய் சொல்லத் தெரியாத மனுஷன். நிமிர்ந்து உட்கார்ந்து, "சாமின்னு ஒண்ணு இல்லவே இல்லை" என்றார்.

"ட்ச், ட்ச், ட்ச்!"

கெவுளி. கணீரென்று சொன்னது.

எங்கள் பக்கத்தில் ஒருவர் ஒன்றைச் சொல்லி முடிக்கும்போது பல்லி சத்தமிட்டால், சொன்னது உண்மை என்று அர்த்தம். உடனே தரையில் விரலால் மூன்று தட்டுத் தட்டுவோம். சின்ன வயசிலிருந்து கையில் ஊறிப்போன பழக்கம். மனசைக் கேட்காமலே கை தட்டிவிடும். அங்கே இருந்த அத்தனை பேரும் தட்டினார்கள். "சத்தியம், சத்தியம்" என்று சொல்லிக்கொண்டே முதலில் தட்டியவர் பெண்ணின் அப்பா. தட்டி முடித்த பிறகுதான் எதற்குத் தட்டினோம் என்று அவருக்கு உறைத்தது. விரல் தரையிலேயே நின்றுவிட்டது.

இன்னொரு சத்தமும் கேட்டது. ணிங், ணிங், ணிங். மாமாவின் கட்டைவிரல் தாம்பாளத்தின் விளிம்பில் பட்ட சத்தம்.

"தம்பி! நீங்களும் தட்டுனீகளே!" என்றார் பெண்ணின் அப்பா.

"நான் எங்க தட்டினேன்? கை நடுங்குது" என்றார் மாமா.

"சரியா மூணு தடவையா நடுங்குச்சு?" என்றாள் அத்தை.

சத்தம் எங்கிருந்து வந்தது என்று ஒருவர் தேடினார். நாங்கள் கொண்டுபோன பழப்பெட்டியின் ஓரத்தில் ஒரு பல்லி தலையை நீட்டிக்கொண்டிருந்தது. எங்கள் கடைக் கிட்டங்கிப் பல்லி! வாழைச் சீப்போடு சீப்பாக என் தலையில் ஏறி, திருச்சுழி பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் வந்திருக்கிறது.

பிறகு எல்லாரும் ஒன்றாகப் பேசினார்கள். "வலமோ இடமோ, உத்தரவு ஆயிருச்சு" என்றார் ஒரு பங்காளி. "எது ஆச்சு? சாமி இல்லைங்கிறதுக்குல்ல சொல்லியிருக்கு" என்றார் இன்னொருவர். "சாமி இல்லைன்னா அப்ப கெவுளியை யாரு சொல்லச் சொன்னது?" என்றார் மூன்றாவது ஆள். "மொதல்ல அது இந்த ஊருக் கெவுளியே இல்லையே. அருப்புக்கோட்டைக் கெவுளி இந்தச் சாமிக்குக் கட்டுப்படுமா?" என்றார் ஆடு பத்தி வந்தவர்.

மாமா ஆர்வமாக, "பாத்தீகளா அண்ணாச்சி, கெவுளியே சொல்லிருச்சு, சாமி..." என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார். கெவுளி சாட்சியை ஒப்புக்கொண்டால் அவர் கட்சி என்னாவது? பெண்ணின் அப்பா, "அது வெறும் பல்லி தம்பி, அதுக்கு என்ன..." என்று ஆரம்பித்து அவரும் பாதியில் நிறுத்திக்கொண்டார். வெறும் பல்லி என்றால் இத்தனை வருஷம் கேட்ட உத்தரவெல்லாம் என்னாவது? ரெண்டு பேரும் வாயைத் திறந்தபடி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இதுதான்யா சாமி செஞ்ச வேலை. ரெண்டு வாயும் அடைச்சிருச்சு" என்றாள் அத்தை. அதற்கும் சிரிப்பு. பிறகு அவள் வெளியே பார்த்தாள். "சிரிச்சது போதும். பொழுது பனைக்குள்ள முக்கால்வாசி இறங்கிருச்சு. முடிவைச் சொல்லுங்க. ஏப்பா, கட்டப்போற மனுஷன் ஒருத்தர் அங்கன உக்காந்திருக்காருல்ல. அவரைக் கேளுங்க. மாப்பிள்ளை, நீங்க சொல்லுங்க. கெவுளி சொன்னது எதுக்கு?"

அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. அம்மாவும் மாமாவும் எனக்காகச் சொல்ல முடியாத கேள்வி. நாக்கு ஒட்டிக்கொண்டது. நான் மாமாவைப் பார்த்தேன். அவர் கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. தாம்பாளம் தரைக்கு நாலு விரல்கடை மேலே நின்றது. எப்படியோ வாய் திறந்துகொண்டது.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. எல்லாரும் இன்னும் என்னையே பார்த்தார்கள். நிறுத்த முடியவில்லை.

"நான் அஞ்சாப்புத்தான் படிச்சேன். சாமி இருக்காரா இல்லையான்னு எனக்குத் தெரியாது. ரெண்டு மாமாவும் பெரியவுக, அவுகளே தெரியாதுன்னுதான் சொன்னாக. அந்தப் பல்லிக்கு என்ன தெரியும்னும் எனக்குத் தெரியாது. எங்க மாமாவுக்குக் கை வலிக்குது. அது மட்டும் தெரியும். யாராவது அந்தத் தாம்பாளத்தை வாங்கிக்கோங்க."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். அவ்வளவு நீளமாக நான் அதற்கு முன்னால் பேசியதில்லை. பின்னாலும் அநேகமாக இல்லை.

சாய்ப்பு வாசலிலிருந்து ஒரு குரல், மெதுவாகத்தான் சொன்னது, ஆனால் அந்த அமைதியில் எல்லாருக்கும் கேட்டது: "பேசத் தெரியுதே!"

குப்பென்று சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் பெண்ணின் அப்பா எழுந்தார். மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். சாமிப் பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு குனிந்து, என் மாமாவின் கையிலிருந்து தாம்பாளத்தை ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"எதை வச்சு வாங்குறீக அண்ணாச்சி?" என்றார் மாமா. கை மரத்துப்போய், விரல்களை மடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

"தெரியாது தம்பி" என்றார் அவர். "வாங்கணும்னு தோணுது."

அன்றைக்கு அடிப்பிடித்த பொங்கலைத்தான் சாப்பிட்டோம். அதற்கு ஈடான பொங்கலை நான் இன்றுவரை சாப்பிட்டதில்லை. மாமாவுக்கு விரல் மடங்காததால் பெண்ணின் அப்பா கரண்டி ஒன்றை எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்து கொடுத்தார். மறு தாம்பூலம் மாற்றினார்கள். அதில் வெற்றிலைக்கு அடியில், துவைத்து மடித்து, ஒரு துண்டு இருந்தது. என் துண்டு. நுனியில் சணல் கயிறு போன ஓட்டை அப்படியே இருந்தது.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. அந்தப் பல்லி எந்த ஊருப் பல்லி என்கிற வழக்கு இன்னும் தீரவில்லை. மாமனார் அருப்புக்கோட்டைக்கு வந்தால் நேரே கடைக்குத்தான் போவார். ரெண்டு பேரும் புண்ணாக்கு மூட்டை மேல் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். கடைக்கு வருகிறவர்கள் வாங்க வந்ததை மறந்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். மாமா கடையில் இன்றும் சாமி படம் கிடையாது. மாமனார் சாமி வீட்டுக்கு இன்றும் வெள்ளையடிக்கிறார். ஆனால் ஒரு மூலையை மட்டும் சுண்ணாம்பு படாமல் விட்டுவிடுகிறார். ஏன் என்று கேட்டால் மழுப்பிவிடுவார்.

இப்போதும் எங்கள் வீட்டில் பல்லி சத்தமிட்டால் என் மனைவி தரையைத் தட்டிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரிப்பாள். எனக்கு அந்தத் தாம்பாளத்தின் சத்தம்தான் காதில் கேட்கும். அன்றைக்கு மாமா தட்டினாரா, கை நடுங்கியதா? பதின்மூன்று வருஷமாகத் தினமும் கடையில் அவர் முகத்தைத்தான் பார்க்கிறேன், ஒரு நாளும் கேட்டதில்லை. தெரியாமலே இருப்பது அவருக்கு நான் செய்கிற மரியாதை என்று எனக்குத் தோன்றுகிறது.

1979, ஆவணி மாதம் பத்தாம் தேதி.